வெளிநாட்டில் தற்காலிக வேலை: எந்த ஊர் விடுமுறை உங்களுக்கு?

2019 ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை, தைப்பொங்கல். சென்னை நிறுவனம் என்னைத் தற்காலிக வேலைக்கு அனுப்பியிருந்த ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை எட்டு மணி. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. அலுவலகம் போகும் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மணி பன்னிரண்டரை. பானை பொங்கி, படையல் முடிந்து, எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போனை இலைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேலைக்குப் போனேன். வருத்தமாக இருந்தது, ஆனால் அநியாயமாகத் தெரியவில்லை. ஜெர்மனியில் பொங்கலுக்கு லீவு கிடையாது, அவ்வளவுதானே.

ஏப்ரல் 22 ஈஸ்டர் திங்கள். கிளையன்ட் அலுவலகம் பூட்டு, கடைகள் பூட்டு, தெருவில் ஆளே இல்லை. காலை ஏழரைக்கு போன் அடித்தது. சென்னையில் மணி பதினொன்று, அங்கே சாதாரணத் திங்கள்கிழமை. "கால் ஆரம்பிச்சாச்சு, நீங்க இன்னும் சேரலையே?" என்றார் டீம் லீட். சேர்ந்தேன். சாயங்காலம் வரை வேலை ஓடியது. வார இறுதியில் டைம்ஷீட்டைத் திறந்தால் அந்தத் திங்களுக்கு நேரே 'விடுமுறை' என்று தானாகவே விழுந்திருந்தது. நான் பார்த்த வேலையை எழுத அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

ஜனவரியில் என்னிடம் சொன்னது: "நீங்க இப்போ ஜெர்மனி காலண்டர்." ஏப்ரலில் சொன்னது: "நீங்க சென்னை டீம்தானே." சொன்ன இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நடுவில் இரண்டு விடுமுறையும் போயிற்று. ஆன்சைட், அதாவது வெளிநாட்டு கிளையன்ட் இடத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு நடக்கிற சேதம் பெரும்பாலும் இதுதான். இரண்டு ஊர் லீவையும் எடுத்துக்கொள்வார்கள் என்று நிர்வாகம் பயப்படும், ஆனால் உண்மையில் இரண்டையும் இழப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதல்முறை போகிறவர்களுக்காக இதை விளக்கமாக எழுதுகிறேன்.

விடுமுறை என்பது இரண்டு கேள்விகள்

'அன்றைக்கு லீவா?' என்று நாம் கேட்பது ஒரே கேள்வி மாதிரி இருக்கும். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அன்றைக்கு இந்த இடத்தில் என்னை வேலை செய்யச் சொல்லலாமா என்பது ஒன்று. அன்றைக்கு உரிய சம்பளமோ, வேலை செய்தால் கூடுதல் பணமோ மாற்று நாளோ எனக்கு யார் தருவார்கள், எந்தக் கணக்கில் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு பெரும்பாலும் நீங்கள் கால் வைத்திருக்கும் மண்ணின் சட்டம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு உங்கள் ஒப்பந்தமும், தற்காலிகமாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது நிறுவனம் தரும் டெபுடேஷன் கடிதமும், சில நாடுகளில் உள்ளூர்ச் சட்டமும் சேர்ந்து பதில் சொல்லும். குழப்பம் வந்தால் எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் நம் ஊர் பக்கம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும், ஆக ஒன்பது நாட்கள் சம்பளத்தோடு கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தமிழ்நாட்டுக்கு என்று எழுதப்பட்ட சட்டம். ஃபிராங்க்ஃபர்ட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தைப் பொங்கலுக்கு மூடு என்று சொல்ல அதன் கை அவ்வளவு தூரம் நீளாது. உங்கள் வேலை ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தமாகவே தொடரலாம், சம்பளம் சென்னைக் கணக்கிலேயே விழலாம். அதனால் ஜெர்மன் அலுவலகத்தில் பொங்கல் விடுமுறை வந்துவிடாது.

சரி, ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கும்? ஐரோப்பிய நீதிமன்றங்கள் இதற்கு 'ரோம் 1' என்ற ஒழுங்குவிதியைப் பார்க்கின்றன. சட்டத்தை இரு தரப்பும் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒருவர் வழக்கமாக எந்த நாட்டில் வேலை பார்க்கிறாரோ அந்த நாட்டுச் சட்டம். தற்காலிகமாக வேறு நாட்டில் வேலை பார்த்தால் அந்த 'வழக்கமான நாடு' மாறிவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே ஆறு மாதம் போய்த் திரும்பி வருகிறவரின் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தம்தான். ஆனால் எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் மீற முடியாத உள்ளூர் விதிகள் சில உண்டு. வேலை நேரமும் ஓய்வு நாளும் அந்த வகையில் வருபவை.

ஜெர்மனியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்

எனக்குப் பழக்கமான இடம் என்பதால் மட்டும் இதை எடுக்கவில்லை. இந்த விஷயத்தின் எல்லா முடிச்சுகளும் ஒரே நாட்டில் கிடைக்கின்றன.

ஜெர்மன் வேலை நேரச் சட்டத்தின்படி ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை பணியாளரை வேலை வாங்கக்கூடாது. இது அந்த மண்ணில் நடக்கும் வேலைக்கு உரியது. ஒப்பந்தம் சென்னையில் கையெழுத்தானதா, வேலை கிளையன்ட்டுக்கா, சென்னை டீமுக்கா, அலுவலகத்திலா, வாடகை வீட்டுச் சமையல் மேசையிலா என்பதால் அது மாறாது. அந்த ஈஸ்டர் திங்களில் எனக்குத் தெரியாமல் போனது இதுதான். லேப்டாப் சென்னை சர்வரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நான் உட்கார்ந்திருந்தது ஜெர்மனியில்.

விதிவிலக்குகள் உண்டு. மருத்துவமனை, தீயணைப்பு, ஹோட்டல், போக்குவரத்து எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. ஐ.டி. ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: தரவு வலைப்பின்னல்களும் கணினி அமைப்புகளும் ஓடிக்கொண்டிருக்கச் செய்யும் வேலைக்கும், அதை வார நாளில் செய்ய முடியாது என்றால், விலக்கு இருக்கிறது. ஆக சர்வர் விழுந்தால் தூக்கி நிறுத்துவது வேறு, வாராந்திர ஸ்டேட்டஸ் காலில் உட்கார்வது வேறு. விலக்கின் கீழ் வேலை பார்த்தாலும், வார நாளில் வந்த விடுமுறை என்றால், எட்டு வாரத்துக்குள் மாற்று ஓய்வு நாள் தர வேண்டும். எட்டு வாரம் என்ற கணக்கை மறக்காதீர்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போகிற காம்ப்-ஆஃப் (மாற்று ஓய்வு நாள்) அநேகமாக திரும்பும் விமானத்தில் ஏறும்போதும் பாக்கியாகவே இருக்கும்.

அடுத்த முடிச்சு, ஜெர்மனி முழுக்க ஒரே காலண்டர் இல்லை. நாடு முழுவதற்கும் பொதுவாக ஒன்பது நாட்கள்தான்: புத்தாண்டு, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, இயேசு விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே திங்கள், அக்டோபர் 3, கிறிஸ்துமஸ் இரண்டு நாள். மிச்சம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபிராங்க்ஃபர்ட் இருக்கும் ஹெஸ்ஸனில் பத்து. பெர்லினில் 2019 முதல் மார்ச் 8 மகளிர் தினம் சேர்ந்து பத்து. பவேரியாவில் கத்தோலிக்கர் அதிகம் உள்ள ஊர்களில் பதின்மூன்று. அதே பவேரியாவின் ஆக்ஸ்பர்க் நகரில் ஆகஸ்ட் 8 அமைதித் திருநாளும் சேர்ந்து பதினான்கு.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு சந்தோஷம் ஒளிந்திருக்கிறது. மரியாளின் விண்ணேற்புத் திருநாள் வருவது ஆகஸ்ட் 15. மியூனிக்கில் அன்றைக்கு விடுமுறை. காரணம் வேறு, நாள் ஒன்று. அதே நிறுவனத்தின் பெர்லின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நண்பருக்கு அது வேலை நாள். அக்டோபரில் இன்னொரு விளையாட்டு: காந்தி ஜெயந்தி 2-ஆம் தேதி, ஜெர்மானிய ஒருமைப்பாட்டு நாள் 3-ஆம் தேதி. அடுத்தடுத்த நாள் என்பதால் '2-க்கு பதில் 3' என்று மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் எழுத்தில் இல்லாவிட்டால் 2-ஆம் தேதி கிளையன்ட்டுக்கும் 3-ஆம் தேதி சென்னைக்கும் போய்விடும்.

எந்த மாநிலம் என்று பார்ப்பது? குடியிருக்கும் இடமா, வேலை இடமா? வேலை இடம்தான். ஆனால் ஒரே ஒரு நாள் வேறு மாநிலத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினால்? இது ஜெர்மனியின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றம் வரை போனது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில மருத்துவமனை ஊழியர் ஒருவரை நவம்பர் 1 அன்று ஹெஸ்ஸனுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சகல புனிதர்கள் தினமான அன்று அவருடைய மாநிலத்தில் விடுமுறை, ஹெஸ்ஸனில் இல்லை. விடுமுறை நாள் வேலைக்கான கூடுதல் தொகையைத் தர மறுத்தார்கள். அவர் வழக்கமாக வேலை பார்க்கும் இடம்தான் கணக்கு, தொகை அவருக்கு உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கூட்டு ஒப்பந்தத்தின் வாசகத்தை வைத்து வந்த தீர்ப்பு இது, எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் முன்னே சொன்ன இரண்டு கேள்விகள் இங்கே பளிச்சென்று பிரிவதைப் பாருங்கள். ஹெஸ்ஸனில் அன்று வேலை செய்யத் தடை இல்லை. பணம் மட்டும் சொந்த இடத்துக் காலண்டரைப் பின்பற்றி வந்தது.

இன்னும் ஒன்று. ஜெர்மனியில் விடுமுறை சனி ஞாயிறில் விழுந்தால் போனது போனதுதான், திங்களுக்குத் தள்ளி வைக்க மாட்டார்கள். 2026-இல் அக்டோபர் 3 சனிக்கிழமை.

சிங்கப்பூர் எளிது, அமெரிக்கா இன்னும் எளிது

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் கவலை குறைவு. அந்நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும். மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களும் 2019 ஏப்ரல் 1 முதல் அதற்குள் வந்துவிட்டார்கள். வீட்டுப் பணிப்பெண்களும் கடலோடிகளும் அதில் இல்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, ஓய்வு நாள் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஆண்டுக்கு பதினொரு சம்பள விடுமுறைகள், அவற்றில் தீபாவளியும் ஒன்று. அன்று வேலை பார்த்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், அல்லது பேசிவைத்து மாற்று நாள். ஓய்வு நாளான ஞாயிற்றில் விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. சென்னையில் அது ஞாயிறோடு ஞாயிறாகக் கரைந்துவிடும், சிங்கப்பூரில் திங்கள் வீட்டில் இருக்கலாம்.

அங்கே இருதரப்பும் ஒப்புக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பொங்கலுக்கு லீவு எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளில் வேலை பார்க்கிறேன் என்று கேட்கலாம். நிறையப் பேர் கேட்பதே இல்லை. ஒரு எச்சரிக்கை: விடுமுறைக்கு முந்தைய நாளோ அடுத்த நாளோ சொல்லாமல் மட்டம் போட்டால் விடுமுறைச் சம்பளம் போய்விடும். ஜெர்மனியிலும் இதே விதி உண்டு. ஊருக்குப் போன இடத்தில் விமானம் தாமதமானால் உடனே மெயில் போட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் பதினொரு கூட்டாட்சி விடுமுறைகள் என்று பட்டியல் பார்த்திருப்பீர்கள். 2021-இல் ஜூன் 19 அதில் சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியல் மத்திய அரசு ஊழியர்களுக்கானது. தனியார் நிறுவனம் பொது விடுமுறை தந்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. நிறுவனக் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் விடுமுறை. டெபுடேஷன் கடிதத்தை வரி விடாமல் படிக்க வேண்டிய நாடு அது.

பிரிட்டன் நடுவில் நிற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமாக எட்டு வங்கி விடுமுறைகள், ஸ்காட்லாந்தில் ஒன்பது, வட அயர்லாந்தில் பத்து. ஆனால் வங்கி விடுமுறையன்று கட்டாயம் லீவு தர வேண்டும் என்று சட்டம் இல்லை. சட்டம் தருவது ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 28 நாள். வங்கி விடுமுறைகளை நிறுவனம் அந்த 28-க்குள்ளேயே அடக்கலாம். "28 நாள் லீவு, வங்கி விடுமுறை தனி"யா "28 நாள், வங்கி விடுமுறை உட்பட"வா என்று கடிதத்தில் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் எட்டு நாள் இருக்கிறது.

வளைகுடா பக்கம் ஐக்கிய அரபு அமீரகத்தில், விடுமுறை நாளில் வேலை வாங்கினால் மாற்று ஓய்வு நாள், அல்லது அன்றைய கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது பாதி கூடுதல் என்று 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. பெருநாள் விடுமுறை பிறை பார்த்து உறுதியாவதால் ஊர் டிக்கெட்டை அதையொட்டி நெருக்கமாகப் போடாதீர்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் கணக்குதான்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஹெஸ்ஸனின் பத்து விடுமுறைகளில் ஏழு, ஜனவரி 1-க்கும் ஜூன் மாதத்துக்கும் நடுவில் முடிந்துவிடும். அதன்பின் அக்டோபர் 3 வரை ஒன்றுகூடக் கிடையாது. நம் ஊரிலோ ஆண்டின் பிற்பாதிதான் நிறைவு: ஆகஸ்ட் 15, விநாயகர் சதுர்த்தி, காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, தீபாவளி.

அப்படியென்றால் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை ஃபிராங்க்ஃபர்ட் டெபுடேஷன் என்றால் என்ன ஆகும்? மூன்று மாதத்தில் உள்ளூர் விடுமுறை பூஜ்ஜியம். சுதந்திர தினமும் சதுர்த்தியும் கைவிட்டுப் போகும். அதுவே பிப்ரவரியில் போய் ஜூன் கடைசியில் திரும்பினால், பொங்கலும் குடியரசு தினமும் சென்னையில் எடுத்திருப்பீர்கள், ஈஸ்டர் முதல் ஆறு நாள் ஜெர்மனியில் எடுப்பீர்கள், திரும்பி வந்து ஆகஸ்ட் முதல் தீபாவளி வரை மறுபடி இங்கே. இரண்டு பேரும் ஒரே டீம், ஒரே சம்பளம். விடுமுறை கணக்கில் ஏழு நாள் வரை வித்தியாசம்.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. அதனால்தான் நியாயமான நிறுவனங்கள் நாள் பார்க்காமல் எண்ணிக்கை பார்க்கின்றன. சொந்த ஊரில் ஆண்டுக்கு இத்தனை என்றால் வெளியில் இருந்த மாதங்களுக்கும் அந்த அளவு குறையாமல் கொடுத்து, பற்றாக்குறையை மிதக்கும் விடுமுறையாக, அதாவது நாம் விரும்பும் நாளில் எடுத்துக்கொள்ளும் லீவாக, நிரப்புகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சரியான முறை. ஜூலையில் போனவர் செய்த தவறு என்ன?

சில வார பிசினஸ் டிரிப் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம். உங்கள் காலண்டர் சென்னைக் காலண்டர்தான், அங்கே பூட்டியிருக்கும் நாளில் வேலை செய்ய முடியாது, அவ்வளவே. நேர்மாறாக, உள்ளூர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்கே மாற்றிவிட்டார்கள் என்றால் ஊர்க் காலண்டரை மறந்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீண்டகால அனுப்புதலுக்கு ஒரு எல்லைக்கோடும் உண்டு: பன்னிரண்டு மாதம், காரணம் சொல்லி நீட்டித்தால் பதினெட்டு. அதைத் தாண்டினால், ஒப்பந்தம் போடுவது, முடிப்பது போன்ற சிலவற்றைத் தவிர, அந்நாட்டு வேலை நிபந்தனைகள் ஏறக்குறைய முழுவதும் அனுப்பப்பட்டவருக்கும் வந்து சேரும். 2020 ஜூலை 30 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. குழப்பம் எல்லாம் நடுவில் இருப்பவர்களுக்கு, இரண்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை போகிறவர்களுக்கு.

அப்படிப் போகிறவர்கள் விசா அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே, கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். போய் இறங்கியபின் கேட்டால் எந்த டீமும் பதில் சொல்லாது. போன வருடம் எங்கள் டீமிலிருந்து ஜூலையில் கிளம்பிய ஒரு தங்கைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. உங்கள் அலுவலகப் பாணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"டெபுடேஷன் காலத்தில் எனக்கு எந்த ஊரின் விடுமுறைப் பட்டியல் பொருந்தும், எந்த மாநிலத்தினுடையது என்று கடிதத்தில் குறிப்பிட வேண்டுகிறேன். உள்ளூர் விடுமுறை நாளில் சென்னை டீமின் வேலையோ காலோ இருந்தால் அது வேலை நாளாகப் பதிவாகி, எட்டு வாரத்துக்குள் மாற்று நாள் கிடைக்குமா? டைம்ஷீட்டில் அதை எப்படிப் பதிய வேண்டும்? நான் வெளியில் இருக்கும் மாதங்களில் அங்குள்ள விடுமுறைகள் இங்குள்ளதைவிடக் குறைந்தால் அந்த நாட்கள் என் கணக்கில் சேருமா? விடுமுறை நாளில் பயணம் செய்ய நேர்ந்தால் அதற்கு ஈடு உண்டா?"

ஐந்து கேள்விக்கும் பதில் வர அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. விடுமுறை குறைவதற்கு ஈடாக இரண்டு மிதக்கும் நாள் கடிதத்திலேயே ஏறியது. அதில் ஒன்றை ஆகஸ்ட் 15-க்கும் இன்னொன்றை விநாயகர் சதுர்த்திக்கும் போட்டுக்கொண்டாள். சதுர்த்தியன்று அறைத்தோழிகளோடு கொழுக்கட்டை பிடித்து எனக்குப் படம் அனுப்பினாள்.